கூடுதல் தீவனம்: இல்லை

என் மகளை நான் ஒரே ஒரு முறைதான் அடித்திருக்கிறேன். ஐந்து காடை முட்டைகளுக்காக அடித்தேன்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தேவிபட்டினத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னால் பனையோலை வேய்ந்த ஒரு கொட்டகை. அதில் இரண்டு மரக்கூண்டுகள். நான் வாசலில் நின்று நோட்டுப் புத்தகத்தில் அன்றைய கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். என் எழுத்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. எழுதவும் படிக்கவும் போதுமான வெளிச்சம் இருந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலையில் வளர்ச்சி ஆபீஸ் அதிகாரி கூண்டுகளைப் பார்க்க வருவதாக இருந்தது. காட்டுக் காடைக் கூண்டிலிருந்த ஐந்து முட்டைகளை எடுத்து உமி பரப்பிய கூடையில் வைக்கும்படி கஸ்தூரியிடம் சொன்னேன். அவளுக்கு அப்போது எட்டு வயது.

“வெளக்கக் கொண்டு வரவாய்யா?” என்று கேட்டாள்.

சோம்பலுக்குச் சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இருக்கிற வெளிச்சத்தில் எடு என்று அதட்டினேன். கதவைத் திறந்தாள். கையை உள்ளே விட்டாள். விரல்கள் முதலில் தண்ணீர்த் தொட்டிக்குள் போயின. பிறகு தரையைத் துழாவின. ஒன்று நொறுங்குகிற சத்தம். பதறி அவள் கையை இழுத்ததில் மற்ற முட்டைகள் உருண்டு வெளியே விழுந்தன. அவற்றின் மேலேயே காலை வைத்து நின்றாள்.

அடித்தேன். கன்னத்தில்.

அவள் அழவில்லை. நான் நின்ற திசைக்குச் சற்று விலகிய இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதைத் திமிர் என்று நினைத்தேன்.

வந்து சேர்ந்த கடிதங்கள்

சென்ற வாரம் இந்தத் தொடரில், நான் ஒரு காலத்தில் காடை வளர்த்ததைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்குக் கடிதங்கள் வந்திருக்கின்றன. காடைக்கு என்ன தீவனம் போட்டீர்கள், எத்தனை முட்டை கிடைத்தது என்று கேட்கிறார்கள்.

பரமக்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர், ஒரு விவசாய மாத இதழில் முன்பு வந்த என் கட்டுரையைக் கத்தரித்து வைத்திருக்கிறாராம். அதை நம்பித் தன் பண்ணையில் நாட்டு இனங்களுக்குச் சத்துத் தீவனம் எதுவும் கொடுப்பதில்லையாம். முட்டை சரியாக விழவில்லை, வேறு ஏதாவது பக்குவம் உண்டா என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார்.

அந்தக் கட்டுரை பொய். அது எப்படிப் பொய்யானது என்பதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

கப்பலில் வந்தவை

தனுஷ்கோடிக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம். நான் தேவிபட்டினத்தில் பள்ளி ஆசிரியர். சொந்த ஊர் உள்ளே, முதுகுளத்தூர்ப் பக்கம். மிளகாயும் கேழ்வரகும் போடுகிற கரிசல் குடும்பம்.

பக்கத்து வீட்டுக் காசிம் பாய் கப்பலில் வேலை பார்த்தவர். ஒருமுறை சிங்கப்பூரிலிருந்து திரும்பும்போது மூங்கில் கூண்டில் ஆறு காடைகளைக் கொண்டுவந்தார். ஜப்பானில் வீட்டுப் பறவையாக வளர்க்கிற இனம் என்று சொன்னார். மறுபடியும் கப்பலேறும் நேரம் வந்ததும் அவற்றை என்னிடம் கொடுத்துவிட்டார்.

“வாத்தியாரே, இது நம்ம ஊர்க் காடை மாதிரி மழயப் பாத்து, மேகத்தப் பாத்து முட்ட போடாது. கப்பல்ல அம்புட்டுப் பேரும் வாந்தி எடுத்துக் கெடந்தோம். இது பாட்டுக்குப் போட்டுக்கிட்டு இருந்துச்சு” என்றார்.

உண்மைதான். கிட்டத்தட்ட தினமும் இட்டன. ஆனால் அடை காக்கத் தெரியாது. முட்டையை இட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். ஒரு சின்ன நாட்டுக் கோழியின் வயிற்றுக்கடியில் வைத்துத்தான் பொரிக்க வேண்டும். பொரிந்த குஞ்சு ஒவ்வொன்றும் கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும். அந்தக் கோழி அவற்றைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும். தன் வயிற்றில் பிறந்ததா என்று அதற்குக் கடைசிவரை சந்தேகம்தான்.

இந்தக் கப்பல் காடையைப் பார்த்ததும் எனக்கு ஒரு வீம்பு வந்தது. நான் கதர் கட்டிப் படித்தவன். சுதந்திரம் வந்த அன்று பள்ளிக்கூடத்து வாசலில் நின்று அழுதவன். அயல்நாட்டுக் குருவி தினம் முட்டையிடும், நம் கரிசல் காட்டுக் காடை இடாதா? ஊரில் கேழ்வரகு அறுத்த தாளுக்குள் கிடைத்த காட்டுக் காடை முட்டைகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, அதே கோழியின் அடியில் வைத்தேன். எட்டுக் குஞ்சுகள் தேறின. அவற்றில் ஐந்து பெட்டை.

ஆக இரண்டு கூண்டு. இடது பக்கம் கப்பல் காடை. வலது பக்கம் காட்டுக் காடை.

என் நோட்டுப் புத்தகம்

நீளவாட்டு நோட்டு ஒன்றை வாங்கிக் கோடு போட்டேன். தேதி, கூண்டு, தீவனம், கூடுதல் தீவனம், முட்டை.

இரண்டு கூண்டுக்கும் ஒரே தீவனம்: இடித்த கேழ்வரகும் கம்பும். கப்பல் காடைக்கு மட்டும் அதன்மேல் சென்னாக்குன்னி. கடற்கரையில் காயப்போடுகிற பொடி இறால்தான். அதை உப்புப் போக அலசி, மறுபடி காயவைத்து, இடித்துத் தூளாக்கித் தருவேன். ஓடு கெட்டியாக இருக்கக் கணவாய் மீனின் ஓட்டையும் சுரண்டிப் போடுவேன். காட்டுக் காடைக்கு இவை கிடையாது. வலது கூண்டின் பக்கங்களில் ‘கூடுதல் தீவனம்’ என்ற இடத்தில் ஒவ்வொரு மாதத்தின் முதல் வரியிலும் ‘இல்லை’ என்று எழுதினேன். கீழே எல்லா வரியிலும் ‘மேற்படி’, ‘மேற்படி’.

நம் இனம் எதையும் கேட்காது என்று காட்டுவதுதான் என் நோக்கம். முடிவை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு சோதனையை ஆரம்பித்தவன் நான். அதை அன்று உணரவில்லை.

மழைக்காலத்தில் காட்டுக் காடைகள் ஆளுக்குச் சில முட்டைகள் இட்டன. மழை வெறித்ததும் நிறுத்தின. எதிர்பார்த்ததுதான். என் நோட்டில் அந்தப் பக்கம் காலியாகவே போய்க்கொண்டிருந்தது.

பங்குனி வரைக்கும்

இந்த இடத்தில் என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலம்மாள் மேல் எனக்கு நெடுநாள் கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் நியாயம் என்று ஒன்று உண்டு.

எங்கள் முதல் பிள்ளையை அம்மைக்குக் கொடுத்தவள் அவள். மூன்று வயது ஆண் குழந்தை. வேப்பிலையில் கிடத்திய உடம்பை அவள்தான் தூக்கிக் கொடுத்தாள். நான் அப்போது பயிற்சிப் பள்ளியில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கார்த்திகையில் கஸ்தூரிக்கு மணல்வாரி அம்மை போட்டது. உடம்பெல்லாம் செந்நிறப் பொடி, காய்ச்சல், அதோடு வயிற்றுப்போக்கு. வேலம்மாள் ஊர் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். பங்குனிப் பொங்கல் முடிகிறவரை வீட்டில் கவிச்சி சேர்ப்பதில்லை என்று.

அம்மை இறங்கினால் மூன்றாம் தண்ணீர் விட்ட பிறகு எல்லா வீட்டிலும் மீன் வாங்குவார்கள். இவள் நான்கு மாதத்துக்கு நேர்ந்துகொண்டாள். மீன் இல்லை, முட்டை இல்லை, கறி இல்லை. கீரை கொடுத்தால் பேதி திரும்பும் என்று அதுவும் இல்லை. குழந்தைக்குக் கஞ்சியும் மோரும் பருப்புத் தண்ணீரும்தான்.

கடலைப் பார்த்த வீடு. வாசலில் கூடையோடு மீன்காரப் பெண் தினமும் நின்றுவிட்டுப் போவாள். பின்னால் கொட்டகையில் காடைகள் இறால் தூள் தின்றுகொண்டிருந்தன. என் மகள் மோர்க்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

இதை ஒருநாள் காசிம் பாயின் மனைவி வேலியோரம் நின்று கேட்டேவிட்டார். குருவி இறால் திங்குது, புள்ள திங்கக் கூடாதா என்று. வேலம்மாள் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது.

“நேத்திக்கடன் மனுசருக்குத்தான், குருவிக்கில்ல.”

நான் சிரித்தேன். நல்ல பதில் என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன். எட்டாம் வகுப்புக்கு உடல்நூல் பாடம் எடுத்தவன் நான். எந்தச் சத்து எதில் இருக்கிறது என்று கரும்பலகையில் அட்டவணை போட்டவன். என் வீட்டுத் தட்டில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. என் கண் கூண்டுத் தட்டில் இருந்தது.

எண்ணெய்

மார்கழி கடைசியில் சக ஆசிரியர் ஒருவர் சொன்னார், சாயங்காலமானால் உங்கள் பெண் சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்கிறாள், கவனியுங்கள் என்று. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கம்பவுண்டர் இமையைத் தூக்கிப் பார்த்தார். மாலைக்கண் என்றார். சுறா ஈரல் எண்ணெய் ஒரு பாட்டில் கொடுத்தார். தினம் காலையில் ஒரு கரண்டி, தீர்ந்ததும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், சீக்கிரம் சரியாகிவிடும் என்றார்.

அவர் சொன்னதில் தவறில்லை. அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை.

வீட்டில் பாட்டிலைத் திறந்ததும் வேலம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். சுறா கவிச்சி இல்லாமல் வேறென்ன என்று கேட்டாள். மருந்துக்கு நேர்த்திக்கடன் கிடையாது என்று நான் கத்தினேன். அவளும் விடவில்லை. குழந்தையை வைத்துக்கொண்டே சண்டை போட்டோம்.

“ஒருத்தனக் குடுத்துட்டேன். ஆத்தா கோவத்துக்கு இவளையும் குடுக்கச் சொல்றீகளா?” என்றாள்.

நான் விளக்கிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்குப் பெரியவன் நான், நாளைக் காலையிலிருந்து இவள் குடிப்பாள் என்றேன். வேலம்மாள் மகளிடம், என்னிடம் இல்லை, மகளிடம் சொன்னாள்:

“குடிக்கிறதுன்னா கூண்டுப் பக்கம் போயிக் குடி. அடுப்படிக்கு அந்த வாடையக் கொண்டு வராத.”

மறுநாளிலிருந்து அதுவே வழக்கமானது. காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் நான் கரண்டியில் எண்ணெயை ஊற்றிக் கொடுப்பேன். அவள் சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குப் போவாள். கூண்டுகளுக்குத் தீவனம் வைப்பதும் அவள் வேலைதான். திரும்பி வரும்போது கரண்டி காலியாக இருக்கும். வாயைக் கொப்பளித்துவிட்டு வருவாள்.

குடித்தாயா என்று கேட்பேன். தலையை ஆட்டுவாள்.

முட்டை விழுந்தது

தை பாதியில் வலது கூண்டில் ஒரு முட்டை கிடந்தது. மழை நின்று வெகுநாளாகியிருந்தது. இரண்டு நாள் கழித்து இன்னொன்று. பிறகு நின்றபாடில்லை. கப்பல் காடைக்குச் சமமில்லைதான். ஆனால் இறால் தூள் இல்லாமல், கணவாய் ஓடு இல்லாமல், வெறும் கேழ்வரகிலும் கம்பிலும் ஐந்து காட்டுக் காடைகள் பருவம் தப்பியும் இட்டுக்கொண்டிருந்தன. ஓடும் கெட்டியாக இருந்தது. இறகில் மினுமினுப்பு ஏறியது.

கொட்டகையில் மீன் வாடை கூடியிருந்ததை நான் கவனித்தேன். இடது கூண்டின் இறால் தூள் வாடை என்று முடிவு செய்தேன். அந்த ஊரில் எந்தச் சந்தில் மீன் வாடை இல்லை?

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு முட்டைக்கும் கஸ்தூரியைத் தட்டிக் கொடுத்தேன். ‘காட்டுக்காடை ராணி’ என்று அவளுக்குப் பட்டம் சூட்டினேன். நீ வைக்கிற கை ராசி என்றேன். அவள் வெட்கப்பட்டுச் சிரிப்பாள்.

சாயங்காலத்தில் அவள் இன்னும் தடவித் தடவி நடக்கிறாளா என்று பார்த்தேனா? பார்த்திருக்க வேண்டும். எண்ணெய் தினமும் போகிறது, பாட்டில் குறைகிறது, ஆகவே கண் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது பாட்டில் வாங்கினேன். மாசியில் மூன்றாவது வாங்கினேன். அவளும் கெட்டிக்காரி. வீட்டுக்குள் எத்தனை எட்டில் எது இருக்கிறது என்று மனப்பாடம் செய்துவிட்டிருந்தாள். இருட்டுவதற்குள் உட்கார்ந்துவிடுவாள். பிறகு எழுந்திருக்கவே மாட்டாள்.

‘நம் நாட்டுக் காடையின் சிறப்பு’ என்று ஒரு கட்டுரை எழுதினேன். நம் மண்ணின் இனத்துக்கு நம் மண்ணின் தானியமே போதும், கூடுதல் சத்து எதுவும் தேவையில்லை என்று. அதில் ஒரு வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது: ‘இயற்கையாய் வளர்வதற்குப் புட்டிகள் வேண்டியதில்லை.’

அந்தக் கட்டுரையைக் கொடுப்பதற்காகத்தான் அதிகாரியை வரச் சொல்லியிருந்தேன். அதற்கு முந்தின மாலையில்தான் அடித்தேன்.

மறுநாள் அவர் வந்தார். கூண்டைப் பார்த்தார், நோட்டைப் புரட்டினார், ‘இல்லை’ என்ற இடத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். இதுதான் சார் நாட்டுக்கு வேணும் என்றார். கட்டுரையைத் தாமே இதழுக்கு அனுப்புவதாகச் சொல்லி வாங்கிப்போனார். கஸ்தூரி கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள். வெளிச்சம் கூசுகிறது என்று கண்ணைக் கசக்கினாள். தூசி விழுந்திருக்கும் என்றேன்.

ஊற்றினீர்கள், குடித்தாளா?

நான்கைந்து நாளில் இரண்டு கண்ணும் சிவந்தன. அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாக என்னால் எழுத முடியாது. ஒரு காலையில் வலது கண்ணின் கருவிழி மங்கி, பாலாடை படிந்தது போல் இருந்தது. வேலம்மாள் அலறினாள். இராமநாதபுரம் வந்து மதுரை ரயிலேறினோம். அந்தப் பெட்டியில் யாரோ உரித்த ஆரஞ்சின் வாடை மட்டும் நினைவிருக்கிறது. இன்றைக்கும் ஆரஞ்சு உரித்தால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

மதுரையில் பார்த்தவர் வயதான பெண் டாக்டர். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அவர் நிமிரவே இல்லை. மணல்வாரி வந்ததா என்று கேட்டார். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். வேலம்மாள் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. இது சத்துக் குறைவு, முற்றிப்போய்க் கருவிழி இளகிவிட்டது என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அது எப்படி முடியும், மாலைக்கண்ணுக்குச் சுறா எண்ணெய் தினமும் கொடுத்தேன் என்றேன். இரண்டு பாட்டில் முடிந்து மூன்றாவது போகிறது. நான் படித்தவன். ஒருநாள் தவறாமல் என் கையால் ஊற்றினேன்.

“ஊத்துனீங்க. குடிச்சாளா?” என்றார் டாக்டர்.

பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த கஸ்தூரி பதில் சொன்னாள்.

“குடிக்கல.”

டாக்டர் அவள் பக்கம் குனிந்து, பின்னே என்ன செஞ்ச கண்ணு என்று கேட்டார். அவள் மெதுவாகச் சொன்னாள். குடித்தால் ஆத்தாவுக்குக் கோபம் வரும், அம்மா அழும். குடிக்கவில்லை என்றால் அய்யா கத்துவார், மறுபடியும் சண்டை. காட்டுக் காடைக்கு இறால் தூள் யாரும் கொடுப்பதில்லை, அது பாவம். அதன் கேழ்வரகில் ஊற்றிப் பிசைந்து வைத்துவிடுவாள். கரண்டியை மணலில் தேய்த்துக் கழுவிவிடுவாள்.

பிறகு, தன்மேல் எந்தத் தப்பும் இல்லை என்று எங்களுக்குப் புரியவைப்பது போலச் சொன்னாள்:

“அம்மாவும் வையல, நீங்களும் வையல. காடையும் முட்ட போட்டுச்சு.”

வேலம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். அந்த நேரத்தில் என் மனதில் முதலில் வந்தது எது என்று சொல்லிவிடுகிறேன். மறைத்துப் பயனில்லை. முதலில் வந்தது, ‘அதனால்தான் வலது கூண்டில் முட்டை விழுந்ததா’ என்பதுதான். மகளின் கண் அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரியை எழுதுகிற இந்தக் கையை என்ன செய்வது?

அச்சில் வந்தது

இடது கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கண்ணில் பூ விழுந்துவிட்டது.

கட்டுப் போட்டுப் படுத்திருந்தவளுக்கு வேலம்மாள் ஆட்டு ஈரலை மசித்து ஊட்டினாள். பங்குனி இன்னும் பிறக்கவில்லை. யாரும் அவளிடம் அதைச் சொல்லிக் காட்டவில்லை. மீன் வாங்கி வரச் சொன்னாள், முட்டை வாங்கி வரச் சொன்னாள், எண்ணெய்ப் பாட்டிலைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். ஊற்றியதும் குழந்தையின் வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தாள். அது என்னால் முதல் நாளே செய்திருக்கக்கூடிய காரியம்.

அந்த வார்டுக்குத்தான் அந்த மாத இதழ் வந்தது. அதிகாரி அன்போடு தபாலில் அனுப்பியிருந்தார். என் பெயர் தடித்த எழுத்தில். புட்டிகள் வேண்டியதில்லை என்ற வரியைக் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்.

நடந்ததை விளக்கி, கட்டுரை தவறு, திருத்தம் வெளியிடுங்கள் என்று எழுதினேன். சொந்தத் துயரத்தில் எழுதியிருக்கிறீர்கள், எங்களுக்குப் புரிகிறது, ஆனால் விவசாயிகளைக் குழப்ப வேண்டாமே என்று பதில் வந்தது. இரண்டாவது முறை எழுதினேன். பதிலே இல்லை. அதிகாரி மட்டும் நேரில் வந்தார். வருத்தப்பட்டார். போகும்போது வாசலில் நின்று, அந்த எண்ணெய் எவ்வளவு ஊற்றினால் அத்தனை முட்டை விழுந்தது என்று கணக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார்.

என் வாழ்க்கையில் ஒரு மனிதனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான். தள்ளவில்லை. அவர் கேட்டதில் என்ன வித்தியாசம்? மதுரையில் நான் நினைத்ததைத்தான் அவர் வாய்விட்டுக் கேட்டார்.

தேவிபட்டினம் திரும்பியதும் காடைகளைக் காசிம் பாய் வீட்டில் விட்டுவிட்டேன். பிறகு என்ன ஆயின என்று கேட்டதில்லை.

ஒரு கோடு

கஸ்தூரி இப்போது எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறாள். வகுப்பில் வலது ஓரத்தில் உட்காருவாள், அப்போதுதான் பிள்ளைகள் எல்லாரும் இடது கண்ணுக்குள் வருவார்கள் என்று. பொழுது சாய்ந்தால் நான் இன்னும் அவள் முன்னால் விரலை நீட்டுகிறேன். “மூணு. போங்கய்யா, பெரிய வெரலு” என்று சிரிப்பாள். மறுநாளும் நீட்டுவேன்.

பரமக்குடிக்காரர் கடிதம் வந்த பிறகு, டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அந்த நோட்டை எடுத்தேன். இத்தனை ஆண்டில் திறந்ததில்லை. தாள் மஞ்சளாகியிருந்தது. முகர்ந்து பார்த்தேன், மீன் வாடை எதுவும் இல்லை.

கஸ்தூரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எதற்கு இது என்றாள். ஒருவர் என் கட்டுரையை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார், திருத்த வேண்டும் என்றேன். அப்படியானால் உன்னைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும், ஊரெல்லாம் படிக்கும், உனக்குச் சம்மதமா என்று கேட்டேன்.

“அடிச்சதையும் எழுதுவீகளா?” என்றாள்.

அவளுக்கு அது நினைவிருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. எழுதுவேன் என்றேன்.

“அப்பச் சரி” என்றாள்.

நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். தலையை வலப்பக்கம் லேசாகத் திருப்பி, இடது கண்ணை ஏட்டுக்கு நேராகக் கொண்டுவந்தாள். தை மாதப் பக்கம், வலது கூண்டு. என் பேனாவை வாங்கி, முதல் வரியிலிருந்த ‘இல்லை’யின் மேல் ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் எழுதினாள்: ‘சுறா எண்ணெய், ஒரு கரண்டி.’

கீழே உள்ள வரிகளையும் திருத்த வேண்டுமே என்று நான் பேனாவுக்குக் கை நீட்டினேன். அவள் கையை வைத்துத் தடுத்தாள்.

“மேல ஒண்ண மாத்துனாப் போதும்யா. கீழ எல்லாம் மேற்படிதான்.”